கொக்கிக்காரர் டீ குடிக்கப் போகும் நேரம்

என் கணையத்தை ஏமாற்றுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தீர்மானம் செய்தேன்.

கணையம் என்பது வயிற்றுக்குப் பின்னால் சத்தமில்லாமல் படுத்திருக்கும் ஓர் உறுப்பு. அதுவரை எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஐம்பத்து மூன்று வருஷமாக ஒரே உடம்பில் குடியிருந்தும் எங்களுக்குள் ஒரு சண்டை சச்சரவு கிடையாது. இப்படி ஒரு சுமுகமான உறவு எனக்கு வீட்டில் வேறு யாருடனும் அமைந்ததில்லை. அதைக் கெடுத்தது ஒரு காகிதம். ரத்தப் பரிசோதனைக் காகிதம். அதில் கொலஸ்ட்ரால் என்ற இடத்தில் 254 என்று போட்டு, பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரமும் குத்தியிருந்தார்கள்.

என் மனைவி பஸ் கண்டக்டர். நெரிசலில் டிக்கெட் எடுக்காமல் நிற்பவன் யார் என்று படியில் நின்றபடியே சொல்லிவிடுவாள். அவள் அந்தக் காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பிறகு என்னைப் பார்த்தாள். நான் டிக்கெட் எடுக்காதவன்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னங்க இது?"

"நம்பர்."

"நம்பர்னு எனக்கும் தெரியுது. என் பஸ் நம்பர்கூட இவ்வளவு பெருசு இல்லியே?"

"லேப்ல மெஷின் பழசா இருக்கும்மா."

"மெஷின் பழசில்ல. நீங்கதான் பழசு. தினம் எத்தனை முட்டை?"

"ரெண்டு."

"ஞாயித்துக்கிழமை?"

"ரெண்டு… ரெண்டும் ரெண்டும்."

"வெண்ணெயிலதானே?"

"வெண்ணெய் இல்லாம முட்டை சட்டியில ஒட்டிக்குமே."

"இப்ப அது உங்களுக்குள்ள ஒட்டிக்கிச்சு."

தீர்ப்பு உடனே வந்தது. ஆறு வாரம். வெண்ணெய் கூடாது. முட்டையின் மஞ்சள் கருவைத் தொடவே கூடாது, வெள்ளை மட்டும்தான். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

"நல்லா கேட்டுக்குங்க. ஒண்ணு, மஞ்சளைத் தொடக் கூடாது. ரெண்டு, நம்பர் இருநூத்திப் பத்துக்குக் கீழ வரணும். ரெண்டும் நடந்தா ஞாயித்துக்கிழமைக்கு ஒரு முட்டை, மஞ்சளோட, நானே போட்டுத் தரேன்."

"நடக்கலேன்னா?"

"ஒண்ணு தப்பினாலும் எங்கண்ணன் வந்து தங்குவாரு."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

என் மச்சான் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடம்தான் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லாரும் பிறக்கும்போதே விசிலோடு பிறந்தவர்கள். தங்கை பஸ்ஸில் ஊதுகிறாள், அண்ணன் வீட்டில் ஊதுகிறார். போன தடவை அவர் பதினோரு நாள் தங்கியிருந்தபோது விடிவதற்கு முன் ஒரு விசில், குளிக்க ஒரு விசில், சாப்பாட்டுக்கு உட்கார ஒன்று, எழுந்திருக்க இன்னொன்று. எங்கள் வீட்டு நாற்காலிகள்கூட அவர் போன பிறகும் ஒரு மாதம் வரிசையாகவே நின்றன. நான் குனிந்து செருப்பு மாட்டினால் "முட்டியை மடக்காதீங்க மாப்ளே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். இப்போது அவர் வந்தால் பதினோரு நாளோடு போகமாட்டார். நம்பர் இறங்கும்வரை இருப்பார்.

ஒரு பக்கம் மஞ்சள் கரு, மறு பக்கம் மச்சான். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. நேராகக் கீழ் வீட்டுக்கு இறங்கினேன்.

கீழ் வீட்டில் இருப்பவருக்கு ஊசி என்று பெயர் வைத்திருக்கிறோம். லேப்பில் ரத்தம் எடுப்பவர். என் ரத்தத்தையும் அவர்தான் எடுத்தார். ஆளும் ஊசிபோலத்தான் இருப்பார்.

"தம்பி, இந்தக் கொலஸ்ட்ரால் உடம்புக்குள்ள எப்படிப்பா போகுது?"

"வாய் வழியாத்தாண்ணே."

"அது தெரியும். அதுக்கப்புறம்?"

ஊசிக்கு இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் முகம் மலர்ந்துவிட்டது. ரத்தம் கொடுக்க வருபவர்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை, "வலிக்குமா?" என்பதைத் தவிர.

"சாப்பாட்டுல வர்ற கொலஸ்ட்ரால்ல கொஞ்சம் பின்னாடி ஒரு கொழுப்பு வாலோட வரும்ணே. வாலோட இருந்தா குடல் சுவரு உள்ள விடாது. கணையத்துலேர்ந்து ஒரு என்சைம் வரும். பள்ளிக்கூடத்துல நொதின்னு படிச்சிருப்பீங்க. கொலஸ்ட்ரால் எஸ்டரேஸ்னு பேரு. அது அந்த வாலை வெட்டி விடும். வால் போனதும் பித்தநீர் வந்து அதைத் தள்ளுவண்டி மாதிரி ஏத்திக்கிட்டு குடல் சுவர் பக்கம் கொண்டு போகும். அங்க கதவு திறக்கும், உள்ள போயிரும்."

"வாலை வெட்டாட்டி?"

"வெளியில நிக்க வேண்டியதுதான். அப்படியே வெளிய போயிரும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கேட் கிளார்க். இருபத்திரண்டு வருஷம். எங்கள் கேட்டைத் தாண்டியதும் பாதை சட்டென்று வளைகிறது. பின்னால் டிரெய்லர் மாட்டிய லாரி திரும்ப முடியாது. ஆகவே டிரெய்லரைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். கொக்கிக்காரர். குனிந்து, ஒரு கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்புவார். கொக்கி கழன்றுவிடும். லாரி உள்ளே போகும், டிரெய்லர் ரோட்டோரமாக நிற்கும். அவர் இல்லாமல் ஒரு டிரெய்லர் லாரியும் உள்ளே போனதில்லை. தினம் பத்தரை மணிக்கு அவர் டீ குடிக்கப் போவார். பதினொன்றுக்குத்தான் வருவார். அந்த அரைமணி நேரம் லாரிகள் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள், கத்துவார்கள், சிலர் கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிப் போய்விடுவார்கள்.

உடம்பும் அதேதான்! குடல் எங்கள் கேட். கொலஸ்ட்ரால் டிரெய்லர் லாரி. அந்த நொதி கொக்கிக்காரர்.

"தம்பி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அந்த என்சைமுக்கு டீ டைம் உண்டா?"

ஊசி என்னைப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேண்ணே."

மறுநாள் சொன்னார். உண்டாம். சாயங்காலம் நாலரை மணி வாக்கில் கணையம் கொஞ்சம் அசந்திருக்குமாம். ஆனால் அதை எழுப்பிவிடக் கூடாதாம். அதற்கு விதிமுறைகள் இருந்தன. ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தார். பொடி எழுத்து.

முதல் விதி, நாலரைக்கு ஒரு பெரிய தம்ளர் ஓட்ஸ் கஞ்சி. அதன் பசையில் பித்தநீர் சிக்கிக்கொள்ளும், தள்ளுவண்டி நகராது. இரண்டாவது, மஞ்சள் கருவை மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, மெல்லாமல், மாத்திரைபோல் தண்ணீரில் விழுங்க வேண்டும். வாசனையோ ருசியோ தெரிந்தால் மூளை கணையத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். மூன்றாவது, உடனே நாற்பது நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும். ரத்தமெல்லாம் காலுக்குப் போய்விட்டால் கணையத்துக்கு வேலை செய்யத் தெம்பு இருக்காது. நாலாவது, மற்ற வேளைகளில் வெண்ணெயோ எண்ணெய்ப் பலகாரமோ கண்ணிலேயே படக் கூடாது. பட்டால் அது உஷாராகிவிடும்.

"ஒரு நாளைக்கு ரெண்டு மஞ்சக் கருதான்ணே. மூணாவது போனா முழிச்சுக்கும்."

"தம்பி, நீ சாதாரண ஆளில்லப்பா!"

அந்தத் தாளை அவரே என் அடையாள அட்டை உறைக்குள், அட்டைக்குப் பின்னால் செருகி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தார்.

"வெளிய எடுக்காதீங்கண்ணே. கிழிஞ்சிரும்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் என்னிடம் எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்காமல் கேட்டைத் திறக்கமாட்டேன். முதலாளியே வந்தாலும் அவர் சீட்டையும் புரட்டுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

மஞ்சள் கருவுக்கு எங்கே போவது என்ற கவலையும் தானாகத் தீர்ந்தது. தினம் காலையில் மனைவி இரண்டு முட்டை வேகவைப்பாள். என் கண்ணெதிரே உடைத்து, வெள்ளையை என் தட்டிலும் மஞ்சளை ஒரு நீல டப்பாவிலும் போடுவாள்.

"மஞ்சளை என்னம்மா பண்ணப் போற?"

"எதிர் வீட்டுப் பூனைக்கு. நான் ராத்திரி எட்டு மணிக்குத்தான் டூட்டி முடிஞ்சு வருவேன். நீங்க சாயங்காலம் வந்ததும் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து அதுக்கு வச்சிடுங்க."

"நானா?"

"ஏன், பூனைக்கு வைக்கிறதுகூட கஷ்டமா?"

"இல்லம்மா. பாவம், வாயில்லாத ஜீவன்." எனக்குக் கண் கலங்கியதுபோல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

டிக்கெட் எடுக்காதவனிடமே டிக்கெட் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நாலேகாலுக்கே அடுப்பைப் பற்ற வைத்தேன். கல்யாணமான நாளாக அடுப்புப் பக்கம் போகாதவன் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினேன். பொங்கி வழிந்தது, துடைத்தேன், மீதியைக் குடித்தேன். நீல டப்பாவைத் திறந்தேன். இரண்டு மஞ்சள் உருண்டைகள். கத்தியால் நாலாக நறுக்கினேன். மூக்கைப் பிடித்தேன். கண்ணையும் மூடிக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுங்கினேன்.

ருசி? துளிகூடத் தெரியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் செங்கல்லும் சீனியும் ஒன்றுதான். ஆனாலும் என்ன ஒரு ஆனந்தம்! மனைவி போட்ட பூட்டை உடைத்தாயிற்று. கணையத்துக்கும் டிமிக்கி கொடுத்தாயிற்று. ஒரே மூச்சில் இரண்டு பேரை ஏமாற்றிய வீரன் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் நடக்கக் கிளம்பினான்.

அதன் பிறகு ஒரு மாதம் என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மூன்றரை மணி ஆகிவிட்டால் ஆபீஸ் நாற்காலியில் முள் முளைத்துவிடும். கடிகாரத்தைப் பார்ப்பேன், கேட்டைப் பார்ப்பேன், மறுபடி கடிகாரம். கொக்கிக்காரர் டீக்குக் கிளம்பினால் பின்னாலேயே போய் எத்தனை நிமிஷம், எத்தனை மடக்கு என்று கவனிப்பேன். நாலாம் நாள் அவருக்கே பொறுக்கவில்லை.

"என்ன சார், என் மேல ஏதாச்சும் புகாரா?"

"சேச்சே! நீங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆற அமரக் குடிங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போக ஆரம்பித்தார்.

வீட்டில் மனைவி தினமும் விசாரிப்பாள்.

"பூனை சாப்பிட்டுச்சா?"

"ஒரு பருக்கை விடல."

"விரும்பிச் சாப்பிடுதா?"

"விழுங்குதும்மா!"

"நல்லா மென்னு சாப்பிடச் சொல்லுங்க," என்பாள், கண்டக்டர் பையை மாட்டியபடி. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். மனைவியின் வெகுளித்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிற சுகம் எத்தனை கணவனுக்குக் கிடைக்கும்?

ஒருநாள் நான் வேக நடை நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய பஸ்ஸே என்னைத் தாண்டிப் போனது. படியிலிருந்து தலையை நீட்டினாள்.

"எங்க போறீங்க?"

"சும்மா… காத்து வாங்க!"

"ஏறுங்க, இறக்கி விடறேன்!"

"வேணாம் வேணாம், நடந்தே வாங்கறேன்!"

அவள் விசில் ஊதினாள், பஸ் போய்விட்டது. அன்று பயத்தில் ஐம்பத்தைந்து நிமிஷம் நடந்தேன்.

இப்படியே முப்பத்திரண்டு நாள், அறுபத்து நாலு மஞ்சள் கரு. பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முப்பத்து மூன்றாம் நாள் காலை, பத்தரை மணிக்கு, என் வாழ்க்கை தலைகீழானது.

கொக்கிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். மூன்று டிரெய்லர் லாரிகள் வரிசையில் நின்றன. நான் மிதப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு சின்ன லாரி வந்தது. டிரெய்லர் கிடையாது. வரிசைக்குப் பக்கவாட்டில் நுழைந்து நேரே என் ஜன்னலுக்கு வந்து சீட்டை நீட்டியது. நான் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கேட்டைத் திறந்தேன். உள்ளே போய்விட்டது.

கொக்கி இல்லாத லாரிக்குக் கொக்கிக்காரர் எதற்கு?

அன்று மாலை நீல டப்பாவைத் தொடவில்லை. நேரே ஊசியின் கதவைத் தட்டினேன்.

"தம்பி, வாலே இல்லாம வர்ற கொலஸ்ட்ரால் உண்டா?"

ஊசி விட்டத்தைப் பார்த்தார்.

"உண்டுண்ணே."

"எதுல?"

"பொதுவா சாப்பாட்டுல வர்றதே முக்கால்வாசி அப்படித்தாண்ணே."

"முட்டை மஞ்சள்ல?"

"அதுல இன்னும் ஜாஸ்திண்ணே."

"அடப்பாவி! அப்ப அந்த எஸ்டரேஸு?"

"வாலோட வர்ற கொஞ்சத்துக்குத்தான் அது வேணும். மத்தது பித்தநீர்ல ஏறி நேரா போயிரும். கொழுப்பைச் செரிக்க லைபேஸ்னு இன்னொரு என்சைமும் இருக்கு, அது வேற கூட மாட ஒத்தாசை பண்ணும்…"

"டீ டைம்?"

"குடலுக்குள்ள சாப்பாடு வந்துட்டா கணையம் எப்படியும் வந்துரும்ணே. அதுக்கு ஏது டீ டைம்?"

"இதையெல்லாம் ஏன்யா முதல்லயே சொல்லல?"

"நீங்க வால் இருக்கறதைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க?"

அறுபத்து நாலு லாரி! அத்தனையும் கேட்டைத் திறந்து வைத்து, சலாம் போட்டு, நானே உள்ளே விட்டிருக்கிறேன். இன்னும் பத்து நாளில் பரிசோதனை. நம்பர் முந்நூறைத் தாண்டும். மச்சான் பெட்டியோடு வந்து இறங்குவார். அதைவிட, உண்மையாகவே எனக்குப் பயமாக இருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அன்றோடு மஞ்சளை நிறுத்தினேன். கஞ்சியை இரண்டு தம்ளராக்கினேன், நடையை ஒரு மணி நேரமாக்கினேன். ஆனால் டப்பாவை என்ன செய்வது? சொன்னபடி பூனைக்கே வைத்தால் போயிற்று. எதிர் வீட்டு வாசலில் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மாதத்தில் நன்றாகக் கொழுத்து, மேனி பளபளவென்று இருந்தது. இரண்டு உருண்டைகளையும் அதன் முன் வைத்தேன். முகர்ந்து பார்த்தது. என்னைப் பார்த்தது. முன்னங்காலால் மண்ணைத் தள்ளி அந்த உருண்டைகளை மூடிவிட்டு எழுந்து போய்விட்டது.

அதற்கும் யாரோ ரத்தப் பரிசோதனை செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். மிச்ச நாளெல்லாம் உருண்டைகளைப் பூந்தொட்டியில் புதைத்தேன்.

"பூனை சாப்பிட்டுச்சா?" என்று கேட்பாள்.

"ம்," என்பேன்.

பரிசோதனை நாளும் வந்தது. ஊசி ரத்தம் எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலே இரண்டு தடவை குத்தினார். சாயங்காலம் ரிப்போர்ட்டை அவரே வீட்டுக்குக் கொண்டு வந்தார். மனைவி அன்று லீவு போட்டிருந்தாள். வாங்கிப் படித்தாள். நான் மச்சானுக்காக முன்னறையைக் காலி செய்ய வேண்டுமே என்று மனசுக்குள் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"இருநூத்தி ஏழு," என்றாள்.

"முந்நூத்தி ஏழா?"

"இருநூத்தி ஏழுங்க! இருநூத்திப் பத்துக்குக் கீழ!" அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்துப் பல வருஷமாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை முட்டை உங்களுக்குத்தான். மஞ்சளோட."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்வான். என்னால் முடியவில்லை. 207! அப்படியென்றால் என் திட்டம் பலித்திருக்கிறது! ஊசிக்குத்தான் விஷயம் தெரியவில்லை. வாலுள்ளது, வாலில்லாதது எல்லாமே என்னிடம் தோற்றிருக்கின்றன. மருத்துவ உலகத்துக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு எத்தனை நிமிஷம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? நான் எழுந்து நின்றேன்.

"ஏம்மா, இந்த நம்பர் எப்படி இறங்கிச்சுன்னு தெரியுமா?"

"எப்படி?"

"அறுபத்து நாலு மஞ்சக் கரு தின்னு இறங்கிச்சு!"

"அண்ணே…" என்றார் ஊசி.

"நீ சும்மா இருப்பா. பூனைக்குன்னு நீ வச்சியே, அத்தனையும் தின்னது நான்! கணையத்தை ஏமாத்தினேன், பித்தநீரை ஏமாத்தினேன், உன்னையும்தான்…"

"எல்லாம் நீங்களே கண்டுபிடிச்சதா?"

"விதிமுறையே இருக்கு!" என்று அடையாள அட்டை உறையிலிருந்து தாளை உருவி மேஜைமேல் வைத்தேன்.

மனைவி அதைப் படிக்கவில்லை. இரண்டு விரலால் மெதுவாகப் புரட்டினாள்.

பின்பக்கம் கட்டம் கட்டமாக இருந்தது. பஸ் எண், நடை எண், புறப்பட்ட நேரம். அவளுடைய டிரிப் ஷீட். கீழே அவள் கையெழுத்து.

ஊசி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி மேல கோபப்படாதீங்க," என்றாள் மனைவி. "நீங்க டீ டைம் கேட்டதை அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு. விதியெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினதுதான்."

"தினம் அண்ணி பஸ்லதாண்ணே லேப்புக்குப் போறேன்," என்றார் ஊசி. "நடு வழியில இறக்கி விட்டுட்டா?"

"அப்ப… அந்த மஞ்சக் கரு?"

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து நீல டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இப்ப மூக்கைப் பிடிக்காம மென்னு பாருங்க."

மென்றேன்.

"மஞ்சப் பூசணி," என்றாள். "கெட்டியா இருக்கறதுக்கு வேகவச்ச பட்டாணி. நிஜ மஞ்சளை நீங்க குளிக்கப் போற நேரத்துல பூனைக்குப் போட்டுருவேன்."

"தினமுமா உருட்டின?"

"தினமும்தான். நாலரை மணிக்கு எந்திரிச்சு."

காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன் இருட்டில் உட்கார்ந்து எனக்காகப் பூசணிக்காயை உருட்டியிருக்கிறாள். மூக்கு உடைபட்ட அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவ்வளவு அக்கறையா என் மேல் என்ற பூரிப்பு.

"சொன்னா நான் கேட்டிருப்பேனேம்மா."

"இருபத்தஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நடங்கன்னா நடக்க மாட்டீங்க. கஞ்சின்னா முகத்தைத் திருப்புவீங்க. எனக்குத் தெரியாம செய்யறதுன்னா மட்டும்தான் நீங்க ஒருநாள்கூடத் தவறாம செய்வீங்க."

ஆனால் ஒரு கேட் கிளார்க் கடைசிவரை சட்டத்தை விடமாட்டான். எனக்குச் சட்டென்று ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"இரு இரு! அப்ப நான் மஞ்சக் கருவைத் தொடவே இல்ல! தின்னது பூசணிக்காய். நம்பரும் இறங்கிடுச்சு. உன் ரெண்டு நிபந்தனையும் நான் நிறைவேத்திட்டேன். ஞாயித்துக்கிழமை முட்டை எனக்குத்தான்!"

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். எத்தனையோ பயணிகளைப் பார்த்த பார்வை.

"ஒருத்தன் டிக்கெட் எடுக்காம ஏமாத்தணும்னு பஸ் ஏறறான். அந்தப் பஸ் ஷெட்டைவிட்டு நகரவே இல்ல. அதனால அவன் யோக்கியன் ஆயிடுவானா?"

"அது…"

"பூசணிக்காய்னு தெரிஞ்சா தின்னீங்க?"

ஊசி மெல்ல எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். அவள் போனை எடுத்தாள்.

"அண்ணே, நான்தான். ஆமா, சனிக்கிழமையே வந்துருங்க. விசில் மறந்துராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவைச் சுற்றி நாலாவது சுற்று. மச்சான் பின்னால் சைக்கிளில் ஊதிக்கொண்டே வருகிறார். "முட்டியைத் தூக்குங்க மாப்ளே!" வெண்ணெய் உருகும் வாசனை எங்கள் சமையலறையிலிருந்து தெருவரை வந்தது. எங்கள் வீட்டு ஜன்னலைக் கடக்கும்போது ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டு. தட்டில் எனக்காகப் போட்ட முட்டை, மஞ்சளோடு.

பூனை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது, மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல்.